கால் ஸ்பூன் மஞ்சளும் கால் கிலோ மஞ்சளும்

எல்லோருக்கும் வணக்கம். போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில், பக்கத்து இலைக்காரர் சாம்பாரைக் காட்டி, "மஞ்சள் கேன்சரைத் தடுக்குமாமே சார்?" என்று கேட்டார். பாயசம் வருவதற்குள் சொல்லி முடிக்கிற பதிலா அது? இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

நம் செல்லுக்குள் என்எஃப்-கப்பா பி என்று ஒரு புரதம் இருக்கிறது. 1986-இல் ரஞ்சன் சென்னும் டேவிட் பால்டிமோரும் கண்டுபிடித்தது. சாதாரண நேரத்தில் இன்னொரு புரதம் கயிறு மாதிரி அதைக் கட்டிப் போட்டிருக்கும். காயம், கிருமி என்று சேதி வந்தால் ஒரு நொதி அந்தக் கயிற்றில் பாஸ்பேட்டை ஒட்டும். செல் உடனே கயிற்றைச் சிதைத்துவிடும். அவிழ்ந்த மாடு உட்கருவுக்குள் ஓடி, அழற்சியை உண்டாக்கும் மரபணுக்களையும் செல்லைச் சாகவிடாத மரபணுக்களையும் தட்டி எழுப்பும். அப்புறம் புதுக் கயிறு தயாராகி மாட்டைத் திரும்பக் கட்டும். பல புற்றுநோய்களில் இந்த மாடு தொழுவத்துக்குத் திரும்புவதே இல்லை.

மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமினை ஆய்வகத் தட்டில் வளர்த்த புற்றுச் செல்களில் விட்டால், கயிறு அறுபடாமல் நிற்கிறது. 1990-களிலேயே பார்த்துவிட்டார்கள். ஆனால் குர்குமின் கண்ட புரதத்தோடெல்லாம் ஒட்டும், தானே ஒளிரும், சோதனைகளையே ஏமாற்றும். அதனால் தட்டில் கிடைத்த முடிவை நான் பாதிதான் நம்புவேன்.

சரி, வயிற்றுக்குள் போனால்? குடலும் கல்லீரலும் அதை உருமாற்றி வெளியே தள்ளிவிடுகின்றன. 1998-இல் பெங்களூரில் 2 கிராம் குர்குமினைச் சிலருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் கிட்டத்தட்ட ஒன்றுமே தென்படவில்லை. கூடவே மிளகிலுள்ள பைப்பரின் 20 மில்லிகிராம் கொடுத்ததும் 20 மடங்கு ஏறியது. மஞ்சள் பாலில் மிளகு தட்டிப் போட்ட பாட்டிக்காகக் கைதட்டாதீர்கள், ஒன்றுமில்லாததில் 20 மடங்கு எவ்வளவு?

கணக்குப் போடுவோம். மஞ்சள்தூளில் குர்குமின் ஏறக்குறைய 3 சதவீதம். குழம்புக்குப் போடும் கால் ஸ்பூன், சுமார் ஒரு கிராம் தூள். அதில் 30 மில்லிகிராம். அமெரிக்காவில் கணையப் புற்றுநோயாளிகளுக்குத் தினமும் 8 கிராம் குர்குமின் கொடுத்தார்கள். அதாவது கால் கிலோவுக்கு மேல் மஞ்சள்தூள்! 2008-இல் வெளியான முடிவில், மதிப்பிட முடிந்த 21 பேரில் இரண்டு பேரிடம்தான் பலன் தெரிந்தது.

மிளகு விஷயத்தில் இன்னொன்று. கல்லீரலின் கையைக் கட்டித்தான் அது குர்குமினை ரத்தத்தில் தங்க வைக்கிறது. அதே கல்லீரல்தான் பல கீமோ மருந்துகளையும் உடைத்து வெளியேற்றுகிறது. மருந்து ரத்தத்தில் அளவுக்கு மேல் தங்கிவிட்டால்?

பந்தி முடிந்து கை கழுவும்போது அவர் செல்போனில் ஒரு படம் காட்டினார். சிகிச்சையில் இருக்கும் அவருடைய மச்சினி சாப்பிடும் மாத்திரை டப்பா. குர்குமின் 95 சதவீதம், கூடவே மிளகுச் சாறு என்று அச்சிட்டிருந்தது. "டாக்டருக்குத் தெரியுமா?" என்றேன்.

"சாப்பாட்டுச் சாமான்தானே சார், இதைப் போய் எதுக்குச் சொல்லணும்?"

அந்த டப்பாவை அப்படியே கையில் எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டச் சொன்னேன்.