கிளிநொச்சியில் 470 லீற்றர் பெற்றோல் ஒளிந்திருக்கும் இடம்! காபன் நடுநிலை நகரம் நமக்குச் சாத்தியமா?

(திரையில்: இரணைமடு வாய்க்கால், இருபக்கமும் பச்சை வயல்)

வணக்கம் உறவுகளே! ஒரு ஏக்கர் வயல், ஒரு போகம். எவ்வளவு பெற்றோலை எரித்தால் அந்த வயல் அளவுக்கு பூமி சூடாகும்? உழவு மெசினும் வெட்டு மெசினும் குடிக்கிற டீசலைக் கேட்கவில்லை. சும்மா தண்ணீர் நிற்கிற வயலைத்தான் கேட்கிறேன். கொமென்ற்றில் ஒரு எண்ணைப் போட்டுவிட்டுத் தொடர்ந்து பாருங்கள். முன்னுக்குத் தள்ளிப் பார்க்கிறவர்களை எனக்குத் தெரியும், அவர்களை யூடியூப் காட்டிக்கொடுத்துவிடும்.

பாடப்பகுதியை 30 விநாடியில் முடித்துவிடுகிறேன். ஒரு நகரம் வெளியே விடும் பச்சைவீட்டு வாயுக்களை முடிந்தவரை குறைத்து, குறைக்க முடியாத மிச்சத்தை உறிஞ்ச வழி செய்து, கணக்கைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்தால் அது காபன் நடுநிலை. இலங்கை இதற்கு 2050 என்று நாள் குறித்திருக்கிறது. சரி, பாடம் முடிந்தது.

இதில் உலகத்துக்கே முன்மாதிரி என்று எல்லோரும் காட்டுகிற நகரம் டென்மார்க்கின் கோபன்ஹேகன். 2012 இல் திட்டம் போட்டார்கள், 2025 இல் நடுநிலை என்றார்கள். சைக்கிள் பாதை, காற்றாலை, வீடுகளுக்குக் குழாய் வழியே வெப்பம், எல்லாம் செய்தார்கள். குப்பை எரித்து மின்சாரமும் வெப்பமும் எடுக்கும் நிலையம் ஒன்றைக் கட்டி, அதன் கூரையில் பனிச்சறுக்கு விளையாடவும் இடம் வைத்தார்கள். உண்மையாகத்தான், குப்பை எரிக்கிற இடத்தின் உச்சியில் சறுக்கி விளையாடலாம்! ஆனால் 2022 இல் அவர்களே வந்து, 2025 இலக்கை எட்ட முடியாது என்று சொன்னார்கள். காரணம் அதே குப்பை நிலையம். அங்கே வரும் புகையிலிருந்து காபனைப் பிடித்து அடைக்கும் வேலைக்கு எதிர்பார்த்த அரச நிதி கைகூடவில்லை. அவ்வளவு பணக்கார நகரத்தையே கடைசியில் குப்பைக் கணக்கு மடக்கிவிட்டது.

இனி நம்மூருக்கு வருவோம். முதல் சிக்கல், நகரம் எது என்பது. கிளிநொச்சிக்கு மாநகர சபையும் இல்லை, நகர சபையும் இல்லை. ஏ9 வீதிக் கடைகளில் இருந்து வயல் வரைக்கும் கரைச்சி பிரதேச சபைதான். எல்லைக் கோட்டை எங்கே கீறுகிறோம் என்பதில்தான் பாதித் திட்டம் இருக்கிறது என்பது என் கருத்து. சந்தை, பஸ் நிலையம், டிப்போச் சந்தி வரைக்கும் மட்டும் கீறினால் கணக்கு அழகாக வரும். அடுத்த வருடமே விருதும் வாங்கலாம்.

உலக நகரங்கள் இந்தக் கணக்கை எடுக்க 2014 இல் ஒரு பொது முறை வந்தது. ஜி.பி.சி. என்பார்கள். அதில் இரண்டு தரம் உண்டு. அடிப்படைத் தரத்தில் கட்டடங்களின் சக்தி, போக்குவரத்து, கழிவு ஆகியவற்றை எண்ணினால் போதும். விவசாயம் அதற்கு மேலேயுள்ள விரிந்த தரத்தில்தான் வரும். இந்த முறை பிழை என்று சொல்லவில்லை. கொங்கிரீட்டுக்கு நடுவே பூந்தொட்டி வைத்திருக்கிற நகரங்களுக்கு அது போதும். ஆனால் கிளிநொச்சி நகரத்தில் நின்று சைக்கிளை 10 நிமிடம் மிதித்தால் வயல். அதை எண்ணாமல் விட்டால் நாம் எண்ணியது எந்த ஊரை?

(திரையில்: கணக்கு ஒவ்வொரு வரியாக வரும்)

இப்போது விடை. தண்ணீர் நிற்கும்போது மண்ணுக்குள் காற்றுப் போகாது. காற்றில்லாத சேற்றில் நுண்ணுயிர்கள் உக்கல்களைத் தின்று மெதேன் விடும். அது நெற்பயிரின் தண்டு வழியாகவே மேலே வந்து வெளியேறும். 100 வருடக் கணக்கில் மெதேன், காபனீரொட்சைட்டை விட ஏறத்தாழ 28 மடங்கு சூடாக்கும். விடாமல் தண்ணீர் நிற்கிற தெற்காசிய வயலுக்கு, காலநிலை மாற்றத்துக்கான அரசுகளிடைக் குழு தருகிற பொது அளவு, எக்டேருக்கு ஒரு நாளில் 0.85 கிலோ. ஒரு போகத்துக்கு 112 நாள். பெருக்கி, ஏக்கருக்கு மாற்றி, 28 ஆல் பெருக்குங்கள். ஏறக்குறைய 1,080 கிலோ காபனீரொட்சைட்டுக்குச் சமம். ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் 2.3 கிலோ. ஆகவே விடை ஏறக்குறைய 470 லீற்றர்!

லீற்றருக்கு 45 கிலோமீற்றர் ஓடும் மோட்டார் சைக்கிளில் அந்தப் பெற்றோலை ஊற்றினால், இங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கு 160 தடவை போய்வரலாம். ஒரு ஏக்கருக்கு மட்டும்தான் இது. இரணைமடுக் குளத்தின் கீழ் 20,000 ஏக்கருக்கு மேல் வயல் இருக்கிறது.

உடனே “அப்போ சோற்றை விடச் சொல்கிறாயா?” என்று ஒருவர் எழுதுவார். அண்ணை, நானும் இரண்டு நேரம் சோறு தின்கிறவன்தான். சொல்ல வந்தது வேறு. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் பரப்பிய ஒரு முறை இருக்கிறது: நனைத்துக் காயவிடுதல். கருவி என்று பார்த்தால், ஒரு அடி நீளமான, ஒரு பாதியில் துளை போட்ட பிளாஸ்ரிக் குழாய்த் துண்டு மட்டும்தான். துளைப்பக்கம் சேற்றுக்குள் போகும்படி பாதியைப் புதைக்க வேண்டும். குழாய்க்குள் எட்டிப் பார்த்தால் நிலத்துக்குள் தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்று தெரியும். நிலமட்டத்துக்குக் கீழே 15 சென்ரிமீற்றர் இறங்கும்வரை பொறுத்திருந்து மறுபடி பாய்ச்சலாம். பூக்கும் காலத்தில் மட்டும் காயவிடக் கூடாது. பல தடவை காயவிட்ட வயலில் மெதேன் ஏறக்குறைய 45 சதவீதம் குறைவாகவே கணிக்கப்படுகிறது. பல கோடிக்கு மெசின் இறக்குமதி செய்யும் கூட்டங்களில் இந்தக் குழாய்த்துண்டைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. கமிசன் அடிக்க முடியாத பொருள் போல!

காலபோகத்தில் இது சரிவராது. கார்த்திகை மழையிடம் “கொஞ்சம் பொறு, வயல் காயட்டும்” என்று சொல்ல ஏலாது. சிறுபோகத்தில்தான் தண்ணீர் நம் கையில். அதிலும் வயல்காரருக்கு நியாயமான தயக்கம் உண்டு. தண்ணீர் நின்றால் களை அடங்கும், காயவிட்டால் களை எழும்பும், களைநாசினிச் செலவு ஏறும். அடுத்த சிக்கல், தண்ணீர் வருவது வாய்க்கால் முறைப்படி. என் வயலின் குழாய் “இப்போது வேண்டாம்” என்று காட்டினாலும், இந்த முறையை விட்டால் அடுத்த முறை எப்போது வருமென்று பயம். அந்தப் பயம் இருக்கும்வரை மடை திறந்தபடிதான் இருக்கும். எனவே இதைத் தனி ஆளாகச் செய்ய முடியாது. வாய்க்கால் வாய்க்காலாக, கமக்காரர் அமைப்பு முடிவெடுத்துச் செய்ய வேண்டும். இதற்கான இடம் ஏற்கெனவே இருக்கிறது: ஒவ்வொரு வருடமும் நடக்கும் சிறுபோகக் கூட்டம். எத்தனை ஏக்கருக்குத் தண்ணீர் என்று அங்கேதான் பிடுங்குப்படுகிறோம். தண்ணீர் மிச்சமானால் விதைக்கிற ஏக்கர் கூடும். மெதேன் என்றால் மண்டபத்தில் கொட்டாவி விடுவார்கள், ஏக்கர் கூடும் என்றால் கதிரையை முன்னுக்கு இழுப்பார்கள். (ஏக்கர் கூடினால் மெதேனும் கூடுமே என்று கேட்கிற புத்திசாலிக்கு: ஆமாம், அதையும் கணக்கில் போட வேண்டும்.)

அடுத்தது மின்சாரம். பளையில் 2014 இல் இருந்தே காற்றாலை சுற்றுகிறது, இரண்டு நிலையங்களும் சேர்த்து 20 மெகாவாற். மன்னாரில் 2020 இல் வந்தது 103.5 மெகாவாற். அப்போ நமக்கு வருவது சுத்தமான மின்சாரம்தானே? கணக்கில் அப்படி இல்லை. எல்லாம் தேசிய மின்கட்டமைப்பில் கலக்கிறது. பளைக்காரர் வீட்டு பல்புக்கும் நுரைச்சோலை அனல்மின் நிலையத்து நிலக்கரியில் பங்கு உண்டு.

சரி, கூரைக்குக் கூரை சோலார் போடுவோம் என்றால், அங்கே குரங்கு வருகிறது! 2025 பெப்ரவரி 9, ஞாயிறு பகல். பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு தொட்டதால் நாடே இருண்டது என்று அமைச்சர் சொன்னார். குரங்கை வைத்து நாமெல்லாம் மீம் போட்டோம். உண்மையான விசயம் வேறு. ஞாயிறு பகலில் பாவனை குறைவு, சோலார் அதிகம், அப்படிப்பட்ட நேரத்தில் கட்டமைப்பு ஒரு சின்ன அதிர்ச்சியையும் தாங்காது. அதே வருடம் சித்திரை வருடப்பிறப்பு விடுமுறையில், கூரைச் சோலாரைப் பகலில் அணைத்து வைக்கும்படி மின்சார சபையே கேட்டுக்கொண்டது. வெயில் கொளுத்துகிற சித்திரையில்!

மிஞ்சுவதைத் தேக்கி வைக்க வேண்டும் என்பதை வன்னியில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. மாரி மழையைச் சிறுபோகத்துக்குத் தேக்கத்தான் குளம் கட்டினார்கள். மின்சாரத்துக்கு நம்மிடம் இன்னும் குளம் இல்லை. பற்றரி விலை இறங்கி வருகிறது, அதுவரை செய்யக்கூடிய மலிவான வேலை பாவனையைப் பகலுக்கு நகர்த்துவது. அரிசி ஆலை, ஐஸ் போடும் இடம், தோட்டக் கிணற்று மோட்டர், குடிநீர்த் தாங்கிக்கு ஏற்றும் பம்பி, இவற்றில் எவை பகல் 10 மணிக்கும் 3 மணிக்கும் இடையில் ஓடலாம்? அறிவியல்நகரில் யாழ் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் விவசாய பீடமும் இருக்கின்றன. இந்தக் கணக்கை எடுக்கக் கொழும்பில் இருந்து ஆலோசகர் வரத் தேவையில்லை.

பஸ், ஓட்டோ, குப்பை பற்றித் தனி வீடியோ போடுகிறேன், இதிலேயே நேரம் போய்விட்டது.

காடு பற்றி மட்டும் ஒரு சொல். “முல்லைத்தீவில் இவ்வளவு காடு, கழித்துவிட்டால் நடுநிலைதானே?” என்பார்கள். முதலில், அது பக்கத்து மாவட்டத்துக் காடு. அடுத்தது, ஏற்கெனவே நிற்கிற மரத்தைக் காட்டிப் புதிய புகைக்கு அனுமதி கேட்பது திட்டம் ஆகாது.

இன்னொரு பேச்சும் எனக்குக் கோபம் வரவைப்பது. “போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது வன்னி மக்கள் இயற்கையோடு வாழ்ந்தார்கள்” என்று சிலர் உருகுகிறார்கள். சைக்கிள் டைனமோவில் ரேடியோ கேட்டதும், ஜாம் போத்தல் விளக்கில் படித்ததும், துளி பெற்றோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியதும் கெட்டித்தனம்தான், மறுக்கவில்லை. ஆனால் அது தட்டுப்பாடு. கோபன்ஹேகனுக்கு வேலை, ஏறிய மலையில் இருந்து இறங்குவது. நாமோ இன்னும் ஏறவே இல்லை. குளிர்சாதனப் பெட்டியும் தொழிற்சாலையும் நமக்கும் வர வேண்டும், வரும்போதே புகையில்லாமல் வர வேண்டும். திட்டம் போடுகிறவர்கள் இந்த வித்தியாசத்தை முதல் பக்கத்திலேயே எழுதாவிட்டால், அந்தத் திட்டத்தை நான் வாசிக்க மாட்டேன்.

சிறுபோகத்தில் குழாய் வைத்துப் பார்த்த யாராவது இருந்தால் களை எப்படி இருந்தது என்று எழுதுங்கள். அரிசி ஆலை வைத்திருப்பவர்கள் எந்த நேரத்தில் ஓட்டுகிறீர்கள், ஏன் அந்த நேரம் என்றும் சொல்லுங்கள். பதில்களைத் திரட்டி அடுத்த வீடியோவில் ஏக்கரையும் கிலோவாற்றையும் சேர்த்தே கணக்குப் பார்ப்போம். சப்ஸ்கிரைப் செய்யாமல் ஒளிந்து பார்க்கிற உறவுகள், பட்டன் கீழேதான் இருக்கிறது.