ஆடிட் பாஸ் ஆன ஃபேக்டரியில எப்படி அத்தனை பேர் செத்தாங்க? நேயர் கேள்விக்கு விளக்கம்

அடுத்த கேள்வி. "வெளிநாட்டுல துணி தைக்கக் கொடுக்கிற பெரிய பிராண்டுகள் ஆடிட் பண்ணிட்டுத்தான் ஆர்டர் கொடுக்கறதா சொல்றாங்க. அப்புறம் பங்களாதேஷ்லயும் பாகிஸ்தான்லயும் அத்தனை பேர் எப்படிச் செத்தாங்க? ஆடிட்டர் காசு வாங்கிட்டாரா?"ன்னு ஒரு நேயர் கேட்டிருக்கார்.

காசு வாங்கறவரும் இருப்பார். ஆனா நேர்மையானவர் போனாலும் பல விஷயம் அவர் கண்ணுல படாது. இங்க ஆடிட்டுங்கிறது, ஃபேக்டரியில வேலை நேரம், சம்பளம், பாதுகாப்பு எல்லாம் சரியா இருக்கான்னு வெளி ஆள் வந்து பார்க்கறது. பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு நாள் வேலை. வர்ற தேதி பல நேரம் முன்னாடியே தெரியும். ஃபீஸைப் பல இடங்கள்ல ஃபேக்டரியேதான் கட்டுது. தொழிலாளிங்ககிட்ட பேசறதும் காம்பவுண்டுக்குள்ளேயே. என்ன சொல்லணும்னு சூப்பர்வைசர் முதல் நாளே பாடம் எடுத்திருப்பார்.

நிஜ வேலை நேரத்துக்கு ஒண்ணு, ஆடிட்டருக்குக் காட்ட ஒண்ணுன்னு ரெண்டு செட் கணக்கு வைக்கறது இந்தத் தொழில்ல பழைய வித்தை. அதைப் பிடிக்க விவரமான ஆடிட்டர் உடைஞ்ச ஊசி ரிஜிஸ்டரைக் கேட்பார். ஊசி உடைஞ்சா ஒரு துண்டு கூட துணிக்குள்ள போயிடக் கூடாது. அதனால எல்லாத் துண்டையும் தேடி எடுத்து, தேதி, நேரம், மெஷின் நம்பர் எழுதி ஒட்டி வைப்பாங்க. பங்களாதேஷ்ல வார லீவு வெள்ளிக்கிழமை. வருகைப் பதிவுல அன்னைக்கு ஃபேக்டரி மூடியிருக்கும். ஊசி ரிஜிஸ்டர்ல வெள்ளிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு ஊசி உடைஞ்சிருக்கும்! வாட்ச்மேனோட கேட் புத்தகம், ஜெனரேட்டர் ஓடின மணிக்கணக்கு, இதெல்லாமும் அப்படித்தான் காட்டிக் கொடுக்கும்.

சரி, கட்டடம்? 2013 ஏப்ரல் 24-ல பங்களாதேஷ்ல டாக்கா பக்கத்துல சவார்ல, துணி ஃபேக்டரிகள் இருந்த ராணா பிளாசா கட்டடம் இடிஞ்சு 1,134 பேர் செத்தாங்க. அதுக்குள்ள இருந்த சில ஃபேக்டரிகள் ஆடிட் ஆனவைதான். ஆனா தூண் தாங்குமா, மேல் மாடிகளுக்கு அனுமதி இருக்கான்னு பார்க்கறது அந்த ஆடிட்டோட வேலையாவே இல்ல. முதல் நாளே விரிசல் விட்டுச்சு. கீழே இருந்த பேங்க் மூடிட்டாங்க, தையல்காரங்களை மட்டும் மறுநாள் வரச் சொன்னாங்க. அதுக்கு முந்தின வருஷம், 2012 செப்டம்பர் 11, பாகிஸ்தான்ல கராச்சியில அலி என்டர்பிரைசஸ்ங்கிற துணி ஃபேக்டரியில தீ. 250 பேருக்கு மேல போயிட்டாங்க. தீயை வச்சது யாருங்கிறது தனி வழக்கு. கதவு பூட்டியிருந்ததும் ஜன்னல்ல கம்பி இருந்ததும்தான் அவங்களை வெளிய விடல. அந்த இடத்துக்கு எஸ்.ஏ. 8000 சான்றிதழ், அதாவது தொழிலாளிங்களை முறையா, பாதுகாப்பா நடத்தறாங்கன்னு ஆடிட் பண்ணிக் கொடுக்கறது, கிடைச்சு சில வாரம்தான் ஆகியிருந்தது.

ஆடிட் தொடாத இன்னொண்ணு, பையரோட, அதாவது ஆர்டர் கொடுக்கிற பிராண்டோட, ஆர்டர் தேதி. ஒரு உதாரணக் கணக்கு போடுவோம். ஒரு லைன், அதாவது ஒரு வரிசை தையல் மெஷின், எட்டு மணி நேரத்துல 720 பீஸ் தைக்குதுன்னு வச்சுக்கங்க, மணிக்கு 90. 18,000 பீஸ் ஆர்டர், 25 வேலை நாள். சரியா முடிஞ்சிடும். சாம்பிள் அப்ரூவலை பையர் பத்து நாள் தாமதமா கொடுக்கறார், ஷிப்மெண்ட் தேதியை மாத்த மாட்டேங்கறார். இப்போ 15 நாள்ல முடிக்கணும், தினம் 1,200 பீஸ். அதாவது 13 மணி நேரம் 20 நிமிஷம் வேலை. இல்லன்னா ஒரு பகுதியை ஆடிட்டே பார்க்காத சின்ன யூனிட்டுக்குத் தள்ளி விடணும். கடைசியில ரிப்போர்ட்ல "ஓவர்டைம் அதிகம்"னு ஃபேக்டரி மேலதான் எழுதுவாங்க. பையரோட தாமதத்துக்கு அதுல கட்டமே கிடையாது.

நிஜமா மாற்றம் வந்தது ராணா பிளாசாவுக்கு அப்புறம், 2013 மே மாசம் பங்களாதேஷ் ஃபேக்டரிகளோட பாதுகாப்புக்காக பிராண்டுகளும் யூனியன்களும் போட்ட அக்கார்டு ஒப்பந்தத்துலதான். தானா முன்வந்து கொடுக்கிற வாக்குறுதி மாதிரி இல்ல, சட்டப்படி கட்டுப்படுத்தும். 200-க்கு மேல கம்பெனிங்க கையெழுத்துப் போட்டாங்க. இன்ஜினியர்கள் கட்டடம், கரண்ட், தீ மூணையும் பார்த்து, ஃபேக்டரி பேரோட ரிப்போர்ட்டை வெளியிட்டாங்க. சரி பண்ண மறுத்தா, கையெழுத்துப் போட்ட எல்லாரும் சேர்ந்து ஆர்டரை நிறுத்தணும். ரிப்பேர் செலவுக்கு வழி இருக்கான்னு பார்க்கற பொறுப்பு பிராண்டுக்கும் உண்டு. தட்டிக் கழிச்சா யூனியன் வழக்குப் போடலாம். போடவும் செஞ்சாங்க: 2016-ல ரெண்டு பிராண்டு மேல ஹேக் நடுவர் மன்றத்துக்குப் போய், ரெண்டும் செட்டில்மெண்ட்ல முடிஞ்சது.

ஆனா அது பாதுகாப்புக்கான ஒப்பந்தம். சம்பளத்துக்கோ, நான் சொன்ன அந்த 13 மணி நேரத்துக்கோ அதுல பதில் கிடையாது. அதனால ஒரு கம்பெனி "எங்க ஃபேக்டரி எல்லாம் ஆடிட் ஆனது"ன்னு சொன்னா, ஃபேக்டரி பட்டியலை வெளியிட்டிருக்காங்களா, சப்-கான்ட்ராக்ட் யூனிட் அதுல இருக்கா, அப்ரூவல் தாமதமானா ஷிப்மெண்ட் தேதியைத் தள்ளி வைப்பாங்களான்னு கேளுங்க.