ஆராய்ச்சி ஊசிக்குக் கையெழுத்து கேட்டால்

பாறசாலையிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "அப்பாவுக்கு 68 வயது. திடீரென்று நெஞ்சு படபடவென்று அடித்ததால் திருவனந்தபுரத்தில் சேர்த்தோம். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்றார்கள். புதிய மருந்தை நரம்பு வழியாக ஏற்றும் ஆராய்ச்சியில் சேர்கிறீர்களா என்று மலையாளப் படிவத்தை நீட்டினார்கள். மருந்தும் வரலாம், வெறும் சலைனும் வரலாமாம். இது ஏமாற்று இல்லையா டாக்டர்?"

கோபம் வரத்தான் செய்யும். ஆனால் சலைன் எதற்கு என்று கேளுங்கள். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்றால் இதயத்தின் மேலறைகள் தாறுமாறாகத் துடிப்பது. இந்தப் படபடப்பு புதிதாக வந்தவர்களில் சுமார் பாதிப் பேருக்கு ஒரு நாளுக்குள் தானாகவே அடங்கிவிடும். காலையில் மருந்து ஏற்றி, சாயங்காலம் துடிப்பு சீரானால் அது மருந்தின் வேலையா, தானாக வந்ததா? சலைன் ஏறியவர்களோடு ஒப்பிட்டால்தான் சொல்ல முடியும். வெர்னகலன்ட் என்ற மருந்தை இப்படித்தான் சோதித்தார்கள். ஒரு ஆய்வில், 90 நிமிடத்துக்குள் துடிப்பு சீரானது மருந்து ஏறியவர்களில் 100க்கு 52 பேருக்கு. சலைன் ஏறியவர்களில் 4 பேருக்குத்தான். ஐரோப்பா 2010-ல் அனுமதி கொடுத்தது. அமெரிக்கா பாதுகாப்பு போதாது என்று கொடுக்கவில்லை. ஒரே மருந்து, இரண்டு தீர்ப்பு!

ஈசிஜியில் கோடு அழகாக வந்தால் போதும் என்றும் நினைக்காதீர்கள். 1989-ல் மாத்திரை வகையில் ஒரு பெரிய அடி விழுந்தது. ஒரு ஆய்வில் மாரடைப்பு வந்தவர்களுக்கு என்கெய்னைடு, ஃபிளெகெய்னைடு என்ற துடிப்பைச் சீராக்கும் மாத்திரைகளைக் கொடுத்தார்கள். தவறான துடிப்புகள் குறைந்தன, இறப்பு கூடியது. ஆய்வில் இந்த மாத்திரைகள் கொடுத்த பிரிவை நடுவிலேயே நிறுத்தினார்கள். துடிப்பைச் சீராக்கும் மருந்தே துடிப்பைக் கெடுக்கவும் செய்யும். அதனால்தான் இபுடிலைடு என்ற, நரம்பு வழியாக ஏற்றும் இன்னொரு துடிப்பு மருந்தை ஏற்றியவரை மருந்து முடிந்தபிறகும் குறைந்தது 4 மணி நேரம் மானிட்டரில் வைத்திருப்பார்கள்.

சரி, கையெழுத்துக்கு வருவோம். அப்பாவுக்கு மலையாளம் பேச வரும், வாசிக்க வராது என்றால் தமிழில் படிவம் கேளுங்கள். அது சலுகை இல்லை. அவருக்குப் புரியும் மொழியில் விளக்குவது விதி. எழுதப் படிக்கவே தெரியாதவர் என்றால் ஆராய்ச்சிக்குத் தொடர்பில்லாத ஒரு சாட்சி கூடவே இருக்க வேண்டும். வேண்டாம் என்று சொன்னால் வழக்கமான சிகிச்சையை யாரும் நிறுத்த முடியாது. பாதியில் விலகவும் செய்யலாம். "மருந்து ஏறியபிறகு எத்தனை மணி நேரம் பார்ப்பீர்கள், சலைன் விழுந்தால் எப்போது வழக்கமான சிகிச்சைக்கு மாற்றுவீர்கள்?" இந்த இரண்டையும் நேராகக் கேளுங்கள். பிரஷர் சரிந்து மயங்கிக் கிடப்பவரிடம் ஆராய்ச்சி பேசவே கூடாது. அவருக்கு உடனே நெஞ்சில் மின்சார ஷாக் கொடுப்பதுதான் வழி.

அப்புறம், படபடப்பு எப்போது தொடங்கியது என்று அப்பாவிடம் இப்போதே கேட்டு வையுங்கள். "நேற்று சாயா குடிக்கும்போது" என்றாலும் போதும், மணி கணக்கிட்டுவிடலாம். 48 மணி நேரம் தாண்டியிருந்தால் இதயத்தில் இரத்தக்கட்டி சேர்ந்திருக்கலாம். அந்த நிலையில் துடிப்பைச் சீராக்கினால் கட்டி மூளைக்கு ஓடிவிடும் ஆபத்து இருக்கிறது. ஆகையால் முதலில் இரத்தம் உறையாத மருந்து, அல்லது கட்டி இல்லை என்று ஸ்கேனில் உறுதி செய்த பிறகுதான் துடிப்பைச் சீராக்கும் சிகிச்சை.