ஐ7 என்றால் எந்த ஐ7?

நேயர்களுக்கு வணக்கம். காரைக்குடியில் கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணித் தருகிற கடை வைத்திருக்கிறேன். காசுக்கேற்ற பிராசஸர், அதாவது கம்ப்யூட்டரின் மூளையாக இருக்கிற சில்லு, எப்படிப் பார்த்து வாங்குவது என்று பேசச் சொன்னார்கள். கடையில் தினமும் பேசுவதுதான், இன்றைக்கு மைக் முன்னால் பேசுகிறேன்.

வருகிறவர்களில் பலர் படியேறும்போதே, "அண்ணே, ஐ7 போட்டுக் குடுங்க" என்பார்கள். எந்த ஐ7 என்று திருப்பிக் கேட்டால் முழிப்பார்கள். ஐ3, ஐ5, ஐ7, ஐ9 என்பவை இன்டெல் கம்பெனி தன் பிராசஸர்களுக்கு வைத்த படிப் பெயர்கள், அவ்வளவுதான். 2011இல் இன்டெல் விட்ட ஐ7-2600 இருக்கிறது. நாலு கோர், எட்டு த்ரெட், அந்தக் காலத்தில் ராஜா. கோர் என்பது உள்ளே வேலை செய்கிற பிரிவு, த்ரெட் என்பது ஒரே நேரத்தில் அது எடுத்து நடத்துகிற வேலை வரிசை. 2022இல் அதே இன்டெல் விட்ட ஐ3-12100க்கும் நாலு கோர், எட்டு த்ரெட்தான். ஆனால் கோருக்குக் கோர் நிறுத்திப் பார்த்தால், இந்த ஐ3 அந்த ஐ7ஐப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகம். மின்சாரம் இழுப்பதில் அது 95 வாட் ரகம், இது 60 வாட் ரகம். செட்டியார் முறுக்கா சரக்கு முறுக்கா என்று நம் பக்கம் கேட்பார்களே, ஸ்டிக்கரைப் பார்த்து வாங்குகிறவர்களிடம் அதைத்தான் கேட்கத் தோன்றும்.

லேப்டாப்பில் இந்தக் கூத்து இன்னும் அதிகம். 2016இல் வந்த ஐ7-7500யுவில் இருப்பது இரண்டே கோர். இன்டெலுக்குப் போட்டிக் கம்பெனியான ஏஎம்டியும் சளைத்ததில்லை. அவர்கள் பிராசஸருக்கு ரைசன் என்று பெயர். ரைசன் 5 7520யு என்று பார்த்தால் புத்தம் புதுசு போலத் தெரியும். உள்ளே இருப்பது 2019இல் வெளிவந்த ஜென் 2 என்கிற கோர் வடிவமைப்பு. அந்த ஏழாயிரம் வரிசை லேப்டாப் பிராசஸர்களில் மூன்றாவது இலக்கத்தைப் பாருங்கள், 2 என்றால் ஜென் 2, 4 என்றால் ஜென் 4. முதல் இலக்கம் விற்பனைக்கு, மூன்றாவதுதான் நமக்கு.

பழைய செட் வாங்குகிறவர்கள் தலைமுறையைக் கேட்காமல் பணத்தை எடுக்காதீர்கள். ஐ3-12100 என்றால் முன்னால் இருக்கிற 12தான் தலைமுறை. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு, ஒன்றிரண்டு விலக்கு போக, இன்டெலில் எட்டாம் தலைமுறை, ரைசனில் இரண்டாயிரம் வரிசை, அதற்கு மேல்தான் கணக்கில் சேரும். "ஐ7, 16 ஜிபி ரேம், எஸ்எஸ்டி, எல்லாம் சேர்த்து இவ்வளவுதான்" என்று மலிவாகக் கிடைக்கிற பெட்டிகள் பெரும்பாலும் இந்தக் கோட்டுக்குக் கீழே உள்ளவை. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டு ஓட்டத் தெரிந்தவர்களுக்கு அதில் தப்பில்லை, மற்றவர்கள் யோசிக்க வேண்டும்.

இனி காசுக் கணக்கு. இங்கேதான் விவரமானவர்களும் சறுக்குகிறார்கள். பிராசஸர் விலையை மட்டும் தனியாக எடுத்து வேகத்தால் வகுத்துப் பார்ப்பார்கள். ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஒரு பிராசஸர் பத்தாயிரம் ரூபாய். இன்னொன்று இருபதாயிரம், வேகம் முப்பது சதவீதம் கூட. விலை இரட்டிப்பாகிறது, வேகம் முப்பதுதான் கூடுகிறது, அப்படியானால் இது நஷ்டம் என்று தோன்றும். ஆனால் பிராசஸர் தனியாக ஓடாது. மதர்போர்டு, ரேம், எஸ்எஸ்டி, கேபினெட், பவர் சப்ளை, மானிட்டர் எல்லாம் சேர்த்து இருபத்தையாயிரம் என்றால், முதல் மெஷின் முப்பத்தையாயிரம், இரண்டாவது நாற்பத்தையாயிரம். இப்போது விலை கூடியது ஏறக்குறைய இருபத்தொன்பது சதவீதம். வேகம் முப்பது. நஷ்டம் எங்கே போயிற்று?

அதனால் பெரியதை வாங்குங்கள் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். அந்த முப்பது சதவீதம் உங்கள் வேலைக்கு வந்து சேருகிறதா என்பதுதான் அடுத்த கேள்வி. டேலியில் பில் போடுகிற மளிகைக் கடைக்கு அது வந்து சேராது. அங்கே மனுஷன் தட்டுவதற்காகத்தான் மெஷின் காத்திருக்கிறது. அந்தக் கடைக்கு ஐ3-12100 தாராளம். ஃபைல்களைச் சேமிக்கச் சுழலும் ஹார்ட் டிஸ்க் இருந்தால் கழற்றிவிட்டு, சுழலாமல் வேகமாக வேலை செய்கிற எஸ்எஸ்டி போடுங்கள், வேறு எந்த பிராசஸரும் தராத நிம்மதியை அது தரும்.

கல்யாண வீடியோ எடிட் பண்ணுகிற ஸ்டுடியோ வேறு ஜாதி. முகூர்த்த மாதத்தில் ஒரு வீடியோ ரெண்டர் ஆகி, அதாவது எடிட் பண்ணியது முழு வீடியோவாக உருவாகி, முடிந்தால்தான் அடுத்ததைத் தொட முடியும். அங்கே முப்பது சதவீதம் என்பது ராத்திரி ஒரு மணிக்குத் தூங்கப் போகலாமா மூன்று மணிக்கா என்கிற கேள்வி. அவர்களுக்கு ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட் உள்ள ஐ5-12400இல் தொடங்கி மேலே போகச் சொல்வேன். ஒரு எச்சரிக்கையும் உண்டு. எண்ணுக்குப் பின்னால் 'எஃப்' இருந்தால், படத்தைத் திரைக்கு அனுப்புகிற கிராஃபிக்ஸ் உள்ளே இருக்காது. விலை கொஞ்சம் குறைவு என்று அதை எடுத்தால், வீடியோவை விரித்துச் சுருக்குவதற்கென்றே இன்டெல் கிராஃபிக்ஸுக்குள் வைத்திருக்கிற குவிக் சிங்க் வசதியும் சேர்ந்து போய்விடும். தனி கிராஃபிக்ஸ் கார்டும் இல்லையென்றால் திரையில் ஒன்றுமே வராது. ஆன்லைனில் எஃப் வாங்கிவிட்டு, "அண்ணே, டிஸ்ப்ளே வரல, போர்டு போச்சு போல" என்று தூக்கிக்கொண்டு வருகிற தம்பிகளைப் பார்த்திருக்கிறேன். போர்டு நன்றாகத்தான் இருக்கும்.

ஏஎம்டியில் இதே கதை எதிர்ப்பக்கமாக வரும். ரைசன் 5 5600க்கு கிராஃபிக்ஸ் கிடையாது, 5600ஜிக்கு உண்டு. ஆனால் பிராசஸருக்குள்ளேயே இருக்கிற வேக நினைவகமான எல்3 கேஷ் ஜியில் 16 எம்பி, மற்றதில் 32. கார்டு போட்டு கேம் ஆடப் போகிற காலேஜ் பையனுக்கு 5600, கார்டே வேண்டாம் என்பவருக்கு ஜி. ஜி போட்டால் ரேமை ஒரே குச்சியாக வாங்காமல் எட்டு எட்டாக இரண்டு போடுங்கள், உள்ளே இருக்கிற கிராஃபிக்ஸ் அந்த ரேமைத்தான் நம்பியிருக்கிறது.

கானாடுகாத்தானிலிருந்து ஒரு ஆச்சி வந்தார்கள். சிங்கப்பூரில் இருக்கிற பேரனோடு முகம் பார்த்துப் பேச ஒரு மெஷின் வேண்டும். பேரன் ஐ7 சொல்லியிருக்கிறான். "ஆச்சி, உங்களுக்கு ஐ3 போதும்" என்றேன். "அது மட்டமாமே?" "மட்டமில்ல ஆச்சி, உங்க வேலைக்கு அதுவே அதிகம். மிச்சக் காசுக்குப் பெரிய திரையும் நல்ல கேமராவும் போடலாம்." கொஞ்சம் யோசித்தார்கள். "அதையே போடு. உள்ள இருக்கறத யாரு பாக்கப் போறா? அவன் மூஞ்சி நல்லாத் தெரியணும்." இவ்வளவு தெளிவாக ஆர்டர் கொடுக்கிறவர்கள் குறைவு.

பின்னால் பிராசஸரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், அதனால் விலை கூடின போர்டு வாங்கு என்று ஒரு யோசனை சொல்வார்கள். போர்டில் பிராசஸர் உட்காரும் இடம்தான் சாக்கெட். ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டில் அது பலித்தது. 2017இல் வாங்கிய போர்டுகள் பலவற்றில் போர்டை எழுப்பிவிடுகிற பயாஸ் மென்பொருளை மட்டும் புதுப்பித்து 2022இல் வந்த 5600ஐ உட்கார வைக்க முடிந்தது. இன்டெலின் எல்ஜிஏ 1700 சாக்கெட்டில் 12, 13, 14 ஆகிய மூன்று தலைமுறைகள் உட்காரும், அடுத்ததற்கு சாக்கெட் மாறிவிட்டது. ஏஎம்4க்கு அடுத்து வந்த ஏஎம்5க்கு 2027க்கு அப்பாலும் ஆதரவு உண்டு என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. எல்லாம் சரி. ஆனால் என் கடைக்கு வருகிறவர்களில் பிராசஸரை மட்டும் மாற்றுகிறவர்கள் மிகக் கொஞ்சம் பேர். நடக்காத மாற்றத்துக்கு இன்றைக்கே முன்பணம் கட்ட வேண்டாம் என்பது என் கட்சி. 2025 கடைசியில் ரேம் விலை ஏறியதிலிருந்து இன்னொன்றும் சொல்லி வருகிறேன். வீட்டில் டிடிஆர்4 என்கிற முந்தைய தலைமுறை ரேம் நல்லதாகக் கிடந்தால் தூக்கிப் போடாதீர்கள். ஏஎம்5 போர்டில் டிடிஆர்5 மட்டும்தான் போகும். ஏஎம்4இலும் 12ஆம் தலைமுறை இன்டெல் போர்டுகள் பலவற்றிலும் உங்கள் பழைய ரேமே ஓடும். அந்தச் சேமிப்பு பிராசஸரில் ஒரு படி ஏறப் போதும்.

நம் ஊர் வெயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆத்தங்குடியில் டைல்ஸ் போடுகிற பட்டறை ஒன்றிலிருந்து ஒரு மெஷின் வந்தது. "மத்தியானம் ஆனா படுத்துருது." திறந்து பார்த்தால் ஃபேனுக்கும் கூலருக்கும் நடுவில் சிமெண்டுத் தூசி அடை அடையாக அப்பியிருக்கிறது, கூலரின் தகடுகளுக்கு இடையே விரல்நகம் நுழையாது. பிராசஸரின் சூட்டைக் கூலருக்குக் கடத்துகிற தெர்மல் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாக உதிர்ந்தது. சூடு நூறு டிகிரியை நெருங்கினால் பிராசஸர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். காசு கொடுத்து வாங்கிய வேகம் பாதி நாள் வேலைக்கே வரவில்லை. ஊதிச் சுத்தம் பண்ணி, புது பேஸ்ட் வைத்தோம், சரியாகிவிட்டது. புது பிராசஸர் தேவைப்படவில்லை.

பெரிய பிராசஸர்களுக்கு இந்தச் சூட்டுப் பாடு கூடுதல். ஐ5-12400 முழு மூச்சில் 117 வாட் வரை போகும், ஐ9-14900கே 253 வாட். எண்ணுக்குப் பின்னால் 'கே' உள்ள இன்டெல் ரகங்களுக்குப் பெட்டியில் கூலர் வராது, தனியாக வாங்க வேண்டும், அதற்கேற்ற போர்டும் பவர் சப்ளையும் வேண்டும். நாள் முழுக்க ரெண்டரிங் ஓடுகிற இடத்தில் நூறு வாட் கூடினால் எட்டு மணி நேரத்துக்கு 0.8 யூனிட், மாதம் இருபத்தைந்து நாளுக்கு 20 யூனிட். வீட்டுக்குக் கொஞ்சம் யூனிட் இலவசம் உண்டு, கடைக்குக் கிடையாது. போதாததற்கு, 13, 14ஆம் தலைமுறையின் பெரிய டெஸ்க்டாப் ரகங்கள் நிலைதடுமாறிய விவகாரம் 2024இல் வெளியாகி, பிராசஸரை உள்ளிருந்து நடத்துகிற மைக்ரோகோடு நிரலுக்கு இன்டெல் திருத்தம் விட்டு, உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டு நீட்டியது. அவற்றைப் பழசாக யாராவது கொடுத்தால் நான் எடுப்பதில்லை.

கடைசியாக ஒன்று. ஒரே பிராசஸர் கம்பெனி அட்டைப்பெட்டியோடு 'பாக்ஸ்' ஒரு விலை, பெட்டி இல்லாமல் 'டிரே' ஒரு விலை என்று கிடைக்கும். பாக்ஸுக்குக் கம்பெனியே மூன்று ஆண்டு உத்தரவாதம் தரும். டிரேக்கு விற்றவர் தருவதுதான், அவர் கடையை மூடினால் அதுவும் போச்சு. வித்தியாசம் சில நூறு ரூபாய் என்றால் பாக்ஸே எடுங்கள். ஆயிரக்கணக்கில் என்றால், நாள்பட தெரிந்த கடையில் டிரே வாங்கலாம், சீரியல் எண்ணைப் பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.