எழுபதாயிரம் கையெழுத்தும் ஒரு விடுதி அறையும்

(சென்னைப் பல்கலைக்கழகத்தின் வரலாறு பற்றி நான் பேசிய உரை. கேட்ட நண்பர்கள் எழுதித் தரச் சொன்னதால் பேசியபடியே தருகிறேன்.)

அவைத்தலைவர் அவர்களே, உடல்நலம் சரியில்லாத நிலையிலும் இரண்டு மாடி ஏறி வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் முன்னாள் துணைவேந்தர் ஐயா அவர்களே, ஆட்சிக்குழுவில் இருந்தபோது ஏழைப் பிள்ளைகளுக்காகத் தனியாளாக வாதாடிய பேராசிரியர் அம்மா அவர்களே, கல்லூரி முதல்வர்களே, மாணவர் பேரவைத் தம்பி தங்கைகளே, காலையிலிருந்து நாற்காலி தூக்கிப் போட்டு இந்த அரங்கத்தைத் தயார் செய்த அலுவலக நண்பர்களே, எல்லோருக்கும் வணக்கம். பேராசிரியர் அம்மாவைப் பற்றி மட்டுமே அரை மணி நேரம் பேசலாம், அவர்கள் தடுத்துவிட்டார்கள். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

மூன்று செய்திகள் சொல்வதாக அமைப்பாளர்களிடம் ஒப்புக்கொண்டிருக்கிறேன். பல்கலைக்கழகம் எப்படி வந்தது, அதில் யார் யாரெல்லாம் படிக்க வந்தார்கள், வந்தவர்களுக்கு ஏற்பப் பாடத்திட்டம் மாறியதா என்பவை அந்த மூன்று.

வெள்ளைக்காரன் கொடுத்துவிட்டுப் போனது என்று பலர் நினைக்கிறார்கள். 1857 செப்டம்பர் 5-ஆம் தேதி சட்டம் போட்டது அவன்தான். ஆனால் அதற்குப் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1839 நவம்பரில், எழுபதாயிரம் பேர் கையெழுத்துப் போட்டு ஆளுநர் எல்பின்ஸ்டன் பிரபுவிடம் ஒரு மனு போயிருக்கிறது, எங்களுக்கு உயர்கல்வி வேண்டும் என்று. கொண்டுபோய்க் கொடுத்தவர் அட்வகேட் ஜெனரல், அதாவது அரசின் தலைமை வழக்கறிஞர், ஜார்ஜ் நார்ட்டன். இன்றைக்கு மாதிரி கைப்பேசியில் விரலால் தட்டி ஆதரவு தெரிவிக்கிற காலமா அது? தாளைத் தூக்கிக்கொண்டு ஆள் ஆளாகப் போய்க் கேட்டு வாங்கிய கையெழுத்து. 1841-இல் ஒரு உயர்நிலைப் பள்ளி வந்தது, அதுதான் வளர்ந்து மாநிலக் கல்லூரி ஆனது. அப்புறம்தான் பல்கலைக்கழகம். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்று என் பாட்டி சொல்லும், எனக்கு அதைவிடப் பெரிய அரசியல் பாடம் யாரும் சொல்லித் தரவில்லை.

முதலில் அது தேர்வு நடத்திப் பட்டம் கொடுக்கும் இடம் மட்டும்தான், லண்டன் பல்கலைக்கழகத்தைப் பார்த்துச் செய்தது. பாடம் நடத்தும் துறைகள் எல்லாம் 1904 பல்கலைக்கழகச் சட்டத்துக்குப் பிறகு மெல்ல மெல்ல வந்தவை. ஆனால் எல்லை எவ்வளவு பெரியது தெரியுமா? முதல் பட்டதாரிகள் இரண்டு பேரும் யாழ்ப்பாணத்துக்காரர்கள். ஒருவர் சி.வை. தாமோதரம்பிள்ளை, பின்னாளில் கலித்தொகையை அச்சில் ஏற்றியவர். இன்னொருவர் அவருடைய ஆசிரியர் கரோல் விசுவநாதபிள்ளை. ஆசிரியரும் மாணவரும் கடல் தாண்டி வந்து ஒன்றாகத் தேர்வு எழுதியிருக்கிறார்கள்! தெலுங்கு, மலையாளம், கன்னடம் பேசுகிறவர்களும் இங்கேதான் வந்து எழுதினார்கள். பிறகு 1916-இல் மைசூர், 1926-இல் ஆந்திரா, 1929-இல் அண்ணாமலை, 1966-இல் மதுரை என்று ஒவ்வொன்றாகப் பிரிந்து, இன்றைக்குச் சென்னையும் சுற்றியுள்ள மாவட்டங்களும் மட்டும் மிச்சம். எல்லை சுருங்கியது, ஆனால் உள்ளே வந்தவர்களின் வகை பெருகியது. ஆரம்ப காலப் பட்டதாரிகளில் பிராமணர்கள்தான் மிகப் பெரும்பான்மை, பெண்கள் அறவே இல்லை. அது தானாக மாறிவிடவில்லை.

1875-இல் மேரி ஷார்லீப் என்ற ஆங்கிலேயப் பெண்ணும் இன்னும் மூன்று பெண்களும் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார்கள். இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்களே பெண்களுக்கு மருத்துவப் பட்டம் தராத காலம் அது. 1912-இல் முத்துலட்சுமி ரெட்டி அதே கல்லூரியில் படித்து முடித்தார். 1914-இல் ராணி மேரிக் கல்லூரி. இதையெல்லாம் வேகமாகத் தாண்டிப் போகிறேன், ஏனென்றால் லலிதாவின் கதையை நான் முழுதாகச் சொல்லியாக வேண்டும்.

அ. லலிதா. பதினைந்து வயதில் கல்யாணம். பதினெட்டு வயதில் கணவர் இறந்துவிட்டார், கையில் நான்கு மாதப் பெண் குழந்தை. அந்தக் காலத்தில் அந்த வயது விதவைக்கு என்ன நடந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அப்பா சுப்பாராவ் கிண்டி பொறியியல் கல்லூரியில் பேராசிரியர். மகளைப் படிக்க வைப்பது என்று முடிவு செய்தார். ராணி மேரியில் இன்டர்மீடியட் முடித்தாயிற்று, அப்புறம் மருத்துவமா என்றால் நேரங்கெட்ட நேரத்தில் ஓட வேண்டும், குழந்தை இருக்கிறது. சரி, பொறியியல். ஆனால் கிண்டியில் அதுவரை ஒரு பெண்கூடப் படித்ததில்லை. அப்பா போய் முதல்வர் சாக்கோவிடம் பேசினார், கல்வித்துறை இயக்குநரிடம் பேசினார், இரண்டு பேரும் சம்மதித்தார்கள். 1940-இல் நூற்றுக்கணக்கான ஆண் பிள்ளைகளுக்கு நடுவே ஒரே ஒரு பெண்.

இப்போது கவனியுங்கள். அனுமதி கொடுத்ததோடு கல்லூரி நின்றுவிடவில்லை. தங்குவதற்குத் தனியாக இடம் கொடுத்தது. குழந்தை உறவினர் வீட்டில், வார இறுதியில் லலிதா போய்ப் பார்த்துவிட்டு வருவார். பையன்கள் தொந்தரவு செய்யவில்லை, ஆனால் மாலையானால் விடுதியில் தனிமை. அதற்கும் அப்பா ஒரு வழி கண்டுபிடித்தார், பெண்களும் சேரலாம் என்று கல்லூரியை விளம்பரம் கொடுக்க வைத்தார். அடுத்த ஆண்டே லீலாம்மா ஜார்ஜ், பி.கே. திரேசியா என்று இரண்டு பெண்கள் வந்து சேர்ந்தார்கள். லலிதாவின் சான்றிதழில் ஆண்பாலாக அச்சடித்திருந்ததைப் பேனாவால் அடித்துப் பெண்பாலாகத் திருத்திக் கொடுத்தார்கள், வேறு படிவமே அவர்களிடம் இல்லை! அந்த லலிதா பிற்பாடு பக்ரா நங்கல் அணையின் மின்னாக்கி வேலையில் பங்கெடுத்தார். திரேசியா கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார். ஒரு அறை கொடுத்தீர்கள், மூன்று பொறியாளர்கள் வந்தார்கள். அடி மேல் அடி, அம்மி நகர்ந்தது.

ராமானுஜன் கதையும் இதேதான். கல்லூரித் தேர்வில் தேறாதவருக்கு 1913-இல் இந்தப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. அந்த 75 ரூபாய்தான் அவரைக் குமாஸ்தா வேலையிலிருந்து விடுவித்துக் கணக்குப் போட உட்கார வைத்தது.

இடஒதுக்கீட்டுக்கு வருகிறேன். கல்லூரி இடங்களைச் சாதி, மதவாரியாகப் பங்கிட்ட வகுப்புவாரி அரசாணையை 1951-இல் செண்பகம் துரைராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. தமிழ்நாடே கொதித்தது, அதே ஆண்டில் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்து, பிற்படுத்தப்பட்டவர்களுக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய அரசுக்கு இடம் தரும் 15(4) பிரிவு சேர்ந்தது. 1980-இல் பிற்படுத்தப்பட்டோருக்கு 50 விழுக்காடு, 1989-இல் அதற்குள்ளே மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20, ஆதிதிராவிடர், பழங்குடியினர் பங்கும் சேர்ந்து மொத்தம் 69. அதை நீதிமன்றத்திடமிருந்து காப்பாற்ற 1994-இல் அரசியல் சட்டத்தின் ஒன்பதாம் அட்டவணையில் சேர்த்தார்கள். 2009-இல் அருந்ததியருக்கு உள்ஒதுக்கீடு. இன்றைக்கு வகுப்பறையில் 'வீட்டில் நீதான் முதல் பட்டதாரியா' என்று கேட்டால் எத்தனை கைகள் உயர்கின்றன என்று இங்கிருக்கும் ஆசிரியர்களைக் கேளுங்கள். இதை நான் இந்த மாநிலத்தின் மிகப் பெரிய சாதனையாகச் சொல்வேன், எந்த மேடையிலும் சொல்வேன்.

ஆனால் சேர்த்துவிட்டோம், தங்க வைத்தோமா? சேப்பாக்கத்தில் சாயங்காலம் வகுப்பு முடிந்து, பறக்கும் ரயில் ஏறி, பார்க் டவுனில் இறங்கி, சென்ட்ரலுக்கு நடந்து, அரக்கோணம் வண்டியில் நின்றுகொண்டே போகிற பிள்ளை எப்போது நூலகத்தில் உட்காரும்? வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்தால், விடியுமுன் மறுபடி கிளம்ப வேண்டும். பெண் பிள்ளையாக இருந்தால் 'இருட்டுவதற்குள் வந்துவிடு' என்று வீட்டில் வேறு சொல்லியிருப்பார்கள், ஆய்வகத்தில் சோதனை பாதியில் நிற்கும். இடஒதுக்கீட்டில் கிடைத்த இடத்தை அந்த ரயில் பயணம் பாதியாகக் குறைத்துவிடுகிறது. 2025-இல் அரசு விடுதிகளுக்குச் சமூகநீதி விடுதிகள் என்று பெயர் வைத்தார்கள். நல்ல பெயர், மனதார வரவேற்கிறேன். பெயரோடு சேர்த்துக் கட்டிலும் கூட வேண்டும், கழிவறையும் கூட வேண்டும், இரவு பத்து மணி வரை திறந்திருக்கும் ஒரு படிப்பறையும் வேண்டும்.

பாடத்திட்டத்தைப் பற்றிச் சொல்ல நேரமில்லை, தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.

நம் கோரிக்கை ஒன்றே ஒன்று. அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம் கொடுக்கும்போதே, கேட்கிற மாணவிக்கு விடுதி இடத்தையும் சேர்த்து எழுதிக் கொடுக்க வேண்டும். மாணவர்களுக்கும் வேண்டும், ஆனால் முதலில் மாணவிகள். இதை மனுவாக எழுதி வைத்திருக்கிறோம். முன்னாள் துணைவேந்தர் ஐயா முதல் கையெழுத்தைப் போட இசைந்திருக்கிறார், அவருக்கு இந்த மேடையிலிருந்து நன்றி. வாசலில் வலது பக்க மேசையில் தாள் இருக்கிறது. பெயர், ஊர், கல்லூரி எழுதிக் கையெழுத்துப் போடுங்கள், போகும்போது ஆளுக்கொரு வெற்றுத்தாள் எடுத்துக்கொண்டு போய் உங்கள் தெருவிலும் வாங்கி அனுப்புங்கள். நன்றி, வணக்கம்.