கோர்ட் கைவிடல, இவர்தான் கைவிட்டார்

வணக்கம் நேயர்களே. பழிவாங்குற படங்கள பத்தி கொஞ்ச நேரம் பேசுங்கன்னு கூப்ட்டாங்க, எந்தப் படம்னு நீங்களே பாத்து எடுத்துக்கோங்கன்னுட்டாங்க. நான் எடுத்துக்கிட்டது டெத் சென்டென்ஸ், 2007ல வந்த அமெரிக்கப் படம். டைரக்டர் ஜேம்ஸ் வான், சான்னு (Saw) ஒரு திகில் படம், அதோட முதல் பாகம் எடுத்தவர், பின்னாடி கான்ஜூரிங் எடுத்து பாதிப் பேர தூங்க விடாம பண்ணவர். ஹீரோ கெவின் பேகன். பெரிய ஹிட்டெல்லாம் கிடையாது. முன்னாடியே ஒண்ணு சொல்லிடுறேன், கதைய பாதி மறைச்சு வச்சுக்கிட்டு இந்தப் படத்த பேசவே முடியாது, பாத்துட்டு கேட்டுக்கலாம்னு நினைக்கிறவங்க இப்பவே சவுண்ட கொறச்சுக்கோங்க.

நிக் ஹ்யூம்னு ஒருத்தர். நல்ல உத்தியோகம், மனைவி, ரெண்டு பசங்க. பெரியவன் ஐஸ் ஹாக்கி ஆடுறவன், அப்பாவுக்கு அவன்மேல தனிப் பாசம், சின்னவன் அத பாத்து பாத்து வளந்தவன். ஒரு ராத்திரி மேட்ச் முடிஞ்சு வர்ற வழியில பெட்ரோல் போட வண்டிய நிறுத்துறாங்க, பெரியவன் கடைக்குள்ள போறான், அந்த நேரம் பாத்து முகமூடி போட்ட ஒரு கும்பல் உள்ள பூந்து அதுல ஒருத்தன் பையன வெட்டிடுறான். ஏதோ கொள்ளைன்னுதான் நாம நினைக்கிறோம். அப்புறம்தான் தெரியுது, கும்பல்ல சேரணும்னா யாராச்சும் ஒருத்தர கொன்னு காட்டணுமாம், அதுக்கு எதிர்ல வந்து நின்னவன் இவரு பையன். பகை கிடையாது, பணம் கிடையாது, பேர் கூட தெரியாது. அப்பா முகமூடிய இழுத்ததுல கொன்னவன் முகத்த மட்டும் பாத்துடுறார், அவன் பேரு ஜோ டார்லி, ஆளும் மாட்டிக்கிறான்.

இந்தப் படம்னாலே எல்லாரும் அந்த கார் பார்க்கிங் துரத்தல பத்திதான் பேசுவாங்க, மாடி மாடியா ஏறி ஓட கேமராவும் கட் பண்ணாம கூடவே வர்ற அந்த நீள ஷாட், பிரமாதம்தான், ஒத்துக்குறேன். ஆனா எனக்கு படமே அதுக்கு முன்னாடி வர்ற கோர்ட் சீன்தான், சில நிமிஷத்துல முடிஞ்சு போயிடும், நிறைய பேருக்கு ஞாபகம் கூட இருக்காது.

என்ன நடக்குதுன்னா, அரசாங்க வக்கீல் வந்து நிக்குகிட்ட நிலைமைய எடுத்து சொல்றார். உங்கள நம்பித்தான் கேஸே நிக்குது, பெரிய விசாரணைன்னு போனா எப்டி திரும்பும்னு தெரியாது, பேரம் பேசி குற்றத்த ஒத்துக்க வச்சிடலாம், சில வருஷம் உள்ள இருப்பான், இதான் கிடைக்கும். சாகுற வரைக்கும் ஜெயில்லயே கிடப்பான்னு நினைச்சுட்டு வந்த மனுஷனுக்கு இது எப்டி இருக்கும்? நமக்கும் அந்த வக்கீல் மேலதான் கோவம் வருது. ஆனா அமெரிக்காவுல இது ஏதோ ஒரு சோம்பேறி வக்கீல் பண்ற வேலை இல்லீங்க, அங்க முறையே அப்டித்தான் ஓடுது. ஃபெடரல் கோர்ட்ல, அதாவது மத்திய அரசு கோர்ட்ல, தண்டனை ஆகுற கேஸ்ல நூத்துக்கு 97, மாநில கோர்ட்ல நூத்துக்கு 94, குற்றத்த ஒத்துக்கிட்டு முடியுறதுதான்னு அவங்க சுப்ரீம் கோர்ட்டே 2012ல ஒரு தீர்ப்புல எழுதியிருக்கு. ஜூரி (தீர்ப்பு சொல்ல உக்கார வைக்கிற பொதுமக்கள்), வாதம், கூண்டுல நின்னு கதறுறது எல்லாம் மிச்சம் இருக்குற கொஞ்சத்துக்குத்தான்.

சரி, அப்பா கோர்ட்டுக்கு வர்றார். இவன்தானேன்னு ஜட்ஜ் முன்னாடி கேக்குறாங்க. இவர் அவன் மூஞ்சிய ஒரு தடவ பாக்குறார், எனக்கு நிச்சயமா சொல்ல முடியலன்னு சொல்லிடுறார். அவ்ளோதான், கேஸ் காலி, கொலைகாரன் சிரிச்சுக்கிட்டே வெளிய போறான்.

பழிவாங்குற படம்னா வழக்கமா ஒரு சாக்கு ரெடியா இருக்கும் பாருங்க, போலீஸ் காசு வாங்கிருச்சு, ஜட்ஜ் வெலை போயிட்டார், வேற வழியே இல்லாம ஹீரோ கத்திய எடுத்தார்னு. இங்க அந்த சாக்கு கிடையாது. கோர்ட் கைவிடல, கம்மியா குடுத்துச்சு. அந்தக் கம்மியையும் வேணாம்னு தள்ளிட்டு கொலைகாரன வேணும்னே வெளிய எடுத்தது இவர்தான், தன் கைக்கு எட்டுற தூரத்துல அவன் நிக்கணும்னு. ஹீரோவே பொய் சாட்சி சொல்லி வில்லன காப்பாத்துற படம் எத்தன இருக்கு சொல்லுங்க. மொத்த நாசமும் அந்த ஒரு வாக்கியத்துலதான் ஆரம்பிக்குது, ஆனா அத சொன்னவர் அப்பாங்கிறதால நாமளும் கண்டுக்காம கூடவே போயிடுறோம்.

அதே வேகத்துல போய் அவன குத்திடுறார். இதுல எனக்கு புடிச்சது என்னன்னா அது ஹீரோ பண்ற கொலை மாதிரியே இல்ல, பயம், தடுமாற்றம், அசிங்கமா ஒரு இழுபறி, பண்ணி முடிச்சப்புறம் அவருக்கே என்ன பண்ணோம்னு புரியல. வீட்டுக்கு வந்து உடைஞ்சு போய் அழுறார். ஒறுத்தார்க்கு ஒருநாளை இன்பம்னு வள்ளுவர் சொன்னாரு, இவருக்கு அந்த ஒருநாள் கூட கிடைச்ச மாதிரி தெரியல.

வேற படமா இருந்தா இதான் கிளைமாக்ஸ். இங்க படம் பாதி கூட தாண்டல. ஏன்னா செத்தவனுக்கு ஒரு அண்ணன் இருக்கான், பில்லி டார்லி, கும்பலுக்கே தலைவன், கேரெட் ஹெட்லண்ட் மொட்டைத்தலையோட வந்து மிரட்டியிருப்பார். இவருக்கு பையன் செத்தான், அவனுக்கு தம்பி செத்தான். இவரு கேட்ட நியாயத்தயே இப்ப அவன் கேக்குறான், அவன்கிட்டயும் கத்தி இருக்கு, ஆளும் இவர விட ஜாஸ்தி. அதுக்கப்புறம் நடக்குறதெல்லாம் மத்தவங்க தலையில விடியுது. வீட்டு வாசல்ல காவலுக்கு நின்ன போலீஸ்காரங்க சாகுறாங்க, அவங்களுக்கும் இந்தக் கதைக்கும் என்ன சம்பந்தம்? மனைவி சாகுறாங்க. சின்னப் பையன் கோமாவுக்கு போயிடுறான். கத்திய எடுக்கலாமான்னு இவங்க யாரையும் அவர் ஒரு வார்த்தை கேக்கல.

இந்தப் படத்துக்கு பின்னாடி ஒரு கதை இருக்கு, அத சொல்லாம விட்டா பாதிதான் சொன்ன மாதிரி. பிரையன் கார்ஃபீல்டுன்னு ஒரு எழுத்தாளர், 1972ல டெத் விஷ்னு ஒரு நாவல் எழுதினார். நியூயார்க்ல நிறுத்தி வச்சிருந்த அவரோட கார் மேற்கூரைய யாரோ கிழிச்சு விட்டுட்டாங்களாம், பாத்த ஒடனே அவன கொல்லணும்னு அவருக்கு வெறி வந்திருக்கு, அப்புறம் போகப்போக ஆறிப்போச்சு. கோவம் ஆறவே ஆறாத ஒருத்தன் இருந்தா என்ன ஆவான்னு யோசிச்சதுதான் அந்த நாவல். 1974ல அது படமாச்சு, மைக்கேல் வின்னர் டைரக்ஷன், சார்லஸ் பிரான்சன் ஹீரோ, ஓட்டம்னா அப்டி ஒரு ஓட்டம். அதுல ஒரு விஷயம் பாருங்க, தன் குடும்பத்த நாசம் பண்ணவங்கள ஹீரோ கடைசி வரைக்கும் கண்டுபுடிக்கவே மாட்டார்! சுட்டுத் தள்ளுறதெல்லாம் வேற வேற ஆளுங்கள. ஆனா தியேட்டர்ல கைதட்டுனவங்க யாரும் அத ஒரு குறையா நினைச்ச மாதிரி தெரியல. கார்ஃபீல்டுக்கு அந்தப் படம் சுத்தமா புடிக்கல, எச்சரிக்கையா எழுதினத எடுத்து ஆசை காட்டிட்டாங்கன்னு. அதுக்கு பதில் சொல்ற மாதிரி 1975ல எழுதின அடுத்த நாவல்தான் டெத் சென்டென்ஸ். நம்ம படம் அதுல இருந்து பேரையும் அடிப்படை எண்ணத்தையும் எடுத்துக்கிச்சு, கதை வேற. அந்த பழைய படம் என்னாச்சுன்னா, 1994 வரைக்கும் மொத்தம் அஞ்சு பாகம் வந்துச்சு. பதில் ஒண்ணு, படம் அஞ்சு.

நெஜத்துலயும் ஒண்ணு நடந்துச்சு. 1984 டிசம்பர் 22, நியூயார்க் சப்வே ரயில். நாலு இளைஞர்கள் வந்து ஒருத்தர்கிட்ட அஞ்சு டாலர் கேட்டாங்க, அவர் பேரு பெர்ன்ஹார்ட் கெட்ஸ், துப்பாக்கிய எடுத்து நாலு பேரையும் சுட்டுட்டார். நாலு பேரும் பொழச்சாங்க, ஆனா ஒருத்தருக்கு இடுப்புக்கு கீழ செயல் போயிருச்சு. ஊர்ல பாதிப் பேரு கெட்ஸ தூக்கி வச்சு கொண்டாடினாங்க, பத்திரிகைல டெத் விஷ் படத்து பேர சொல்லியே எழுதினாங்க. 1987ல கொலை முயற்சி குற்றச்சாட்டுல இருந்து ஜூரி விடுவிச்சிருச்சு, லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி வச்சிருந்ததுக்கு மட்டும் தண்டனை. அதோட முடிஞ்சுதுன்னு பாத்தா, 1996ல சிவில் வழக்குல வேற ஒரு ஜூரி, செயலிழந்து போனவருக்கு 43 மில்லியன் டாலர் குடுக்கணும்னு சொல்லிருச்சு. ஒரே சம்பவம், பன்னெண்டு வருஷம் இழுத்துச்சு, ரெண்டு ஜூரி ரெண்டு விதமா சொல்லுச்சு. ரெண்டு மணி நேர படத்துல இதுக்கெல்லாம் எடம் இருக்காதுங்கிறது எனக்கும் தெரியும்.

இத பேசும்போது எனக்கு கண்ணகி ஞாபகம் வராம இல்ல. நாம கண்ணகின்னா மதுரைய எரிச்சவன்னுதான் டக்குனு சொல்லுவோம். ஆனா அவ முதல்ல போனது அரசவைக்கு, கையில ஆதாரத்தோட, என் சிலம்புல மாணிக்கம் உன் சிலம்புல முத்துன்னு உடைச்சு காட்டி கேஸ ஜெயிச்சுட்டா. யானோ அரசன் யானே கள்வன்னு பாண்டியன் ஒத்துக்கிட்டு அங்கயே உயிர விட்டுட்டான். நிக் ஹ்யூமுக்கு நேர் எதிர்னு சொல்லலாம், அவ உண்மைய சொல்லி ஜெயிச்சா, இவர் பொய்ய சொல்லி கேஸ கவுத்தார். இருந்தும் நெருப்பு நிக்கல, ஊருக்குள்ள போச்சு. அங்க கூட இளங்கோ ஒண்ணு பண்றார் கவனிச்சீங்களா, அந்தணர், அறவோர், பசு, பத்தினிப் பெண்கள், வயசானவங்க, குழந்தைங்க இவங்கள எல்லாம் விட்டுட்டு கெட்டவங்க பக்கம் மட்டும் போன்னு கண்ணகி தீக்கடவுளுக்கு சொல்ற மாதிரி வச்சிருக்கார். அவ்ளோ பெரிய கோவத்துலயும் ஒரு விலக்குப் பட்டியல் தேவைப்பட்டிருக்கு அவருக்கு. நிக் ஹ்யூம் கத்தி எடுத்தப்ப அந்த மாதிரி பட்டியல் எதுவும் கிடையாது, இருந்திருந்தா சின்னவன் பேருதான் அதுல முதல்ல வந்திருக்கணும்.

இப்ப படத்தோட குறைக்கு வர்றேன், ஏன்னா புகழ்ந்துட்டே போனா நீங்க நம்பமாட்டீங்க. கடைசி அரைமணி நேரத்துல படம் தடம் மாறுது. ஆஸ்பத்திரில இருந்து தப்பிச்சு வந்து தலைய மழிச்சுக்கிட்டு, துப்பாக்கி வாங்கி (விக்கிறவர் ஜான் குட்மேன், பில்லியோட அப்பாவே அவர்தான், நல்ல கூத்து) நம்மாளு ஒரு ஆக்ஷன் ஹீரோவா மாறிடுறார். முதல் கொலைல கை நடுங்குன ஆளு இப்ப வரிசையா சுட்டுத் தள்றார், கேமராவும் அத ரசிச்சு ரசிச்சு காட்டுது, பாக்குற நமக்கும் ஜிவ்வுனு இருக்கு. எத தப்புன்னு அவ்ளோ நேரம் சொன்னாங்களோ அதையே கடைசில விருந்து மாதிரி பரிமாறுறாங்க. கடைசில ரெண்டு பேரும் குண்டடி பட்டு பக்கத்துல பக்கத்துல உக்காந்திருக்கும்போது பில்லி இவர பாத்து, நீயும் எங்கள மாதிரியே ஆயிட்டியேங்கிற மாதிரி சொல்றான். நல்ல எடம்தான், ஆனா அதுக்குள்ள நாம கைதட்டி முடிச்சுட்டோமே.

இத இன்னும் நேர்மையா பண்ணவங்க இருக்காங்க. கொரியாவுல பார்க் சான்-வூக் 2005ல எடுத்த லேடி வெஞ்சன்ஸ்ல, குழந்தைங்கள பறிகொடுத்த குடும்பங்க, கொன்னவன என்ன பண்றதுன்னு ஒரு ரூம்ல உக்காந்து பேசி முடிவு பண்ணி, ரத்தம் தெறிக்காம இருக்க மழைக்கோட்டு மாட்டிக்கிட்டு அவன் இருக்குற ரூமுக்குள்ள போவாங்க. அப்புறம் எல்லாரும் கேக் சாப்பிடுவாங்க, கடத்தல்காரனுக்கு குடுத்த பணம் திரும்பி வரணும்ல, அதுக்கு பேங்க் அக்கவுண்ட் நம்பர் எழுதி குடுப்பாங்க. அத பாத்துட்டு யாருக்கும் கைதட்ட தோணாது.

டெத் சென்டென்ஸ் முடியும்போது நிக் வீட்டுக்கு வந்து பழைய குடும்ப வீடியோவ போட்டு பாக்குறார், சின்னவன் பொழச்சுக்குவான்னு போலீஸ் வந்து சொல்லுது, படம் முடிஞ்சிருது. அதாவது அந்தப் பையன் கண்ண முழிச்சா அண்ணன் இல்ல, அம்மா இல்ல, அப்பா கொலைகாரன், அவன்கிட்ட இத யாராவது உக்காந்து சொல்லியாகணும், என்ன சொல்லுவாங்க, கோர்ட்ல உங்கப்பா என்ன சொன்னார்னு சொல்லுவாங்களா மாட்டாங்களா? எனக்கு வேண்டிய படம் அங்கதான் ஆரம்பிக்குது. அத எடுக்க காசு போட ஒரு தயாரிப்பாளர் வருவாரான்னு கேட்டீங்கன்னா, சந்தேகம்தான், அதுல சுடுறதுக்கு யாருமே மிச்சம் இல்லையே.

நன்றி, வணக்கம்.