கடற்கரையை மாற்றுவது அலை மட்டும்தானா?

அடுத்த கேள்வி. "கரை அரிப்பதும் வளர்வதும் அலையும் காற்றும் செய்கிற வேலைதானே, செடிக்கும் நண்டுக்கும் அதில் என்ன பங்கு? அலையாத்தி நட்டால் அரிப்பு நின்றுவிடுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பங்கு நிறையவே உண்டு. மணல்மேட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ராவணன் மீசைப் புல்லோ அடம்புக் கொடியோ அங்கே வேர்பிடித்துவிட்டால், காற்று அதில் மோதி வேகம் குறைந்து, தூக்கி வந்த மணலை அங்கேயே போட்டுவிட்டுப் போகும். செடி புதைந்துவிடாதா? புதையும். ஆனால் இந்த வகைச் செடிகள் புதையப் புதைய மேலே துளிர்த்து வரும், கூடவே மேடும் உயரும்.

சேற்றுக் கரையில் நடப்பது இன்னும் நுணுக்கம். தண்ணீர் வடிந்த நேரத்தில் சேற்றின் மேல் பழுப்பாக, வழவழவென்று ஒரு படலம் தெரியும், அது பெரும்பாலும் டயாட்டம் என்கிற நுண்பாசி. அது சுரக்கிற பசை துகள்களைச் சேர்த்துப் பிடித்துக்கொள்வதால் சின்ன அலைக்குச் சேறு கிளம்பாது. அந்தப் படலத்தை நத்தை மேய்ந்துவிட்டாலோ நண்டு கிளறிவிட்டாலோ, அதே அலைக்கு அதே சேறு கலங்கிப் போய்விடும். அதனால் உயிர்கள் என்றாலே கரையைக் காப்பவை என்று நினைக்காதீர்கள், பாறையைத் துளைத்துக் குடியிருக்கும் சிப்பிகள் அலைக்கு வேலையைச் சுலபமாக்கித்தான் கொடுக்கின்றன.

பவளம் இதில் தனி ரகம். எரிமலைத் தீவு மெல்ல மெல்ல அமிழும்போது அதைச் சுற்றியுள்ள பவளம் மேல்நோக்கி வளர்ந்துகொண்டே போய், கடைசியில் வளையம் மட்டும் மிஞ்சுகிறது என்று டார்வின் 1842-இல் எழுதினார். 1952-இல் பசிபிக்கில் உள்ள எனிவெடாக் என்கிற வளையத் தீவில் துளையிட்டுப் பார்த்தார்கள், பவளம் கட்டிய 1,200 மீட்டருக்கும் அதிகமான சுண்ணாம்பைத் தாண்டிய பிறகுதான் எரிமலைப் பாறை தட்டுப்பட்டது!

சரி, அலையாத்தி. வளர்ந்த காட்டில் வேர்கள் அலையைத் தணித்து வண்டலைப் படிய வைக்கும், உண்மைதான். ஆனால் நாற்று வேர்பிடிக்கும் வரைக்கும் அலை அதை விட்டுவைக்க வேண்டுமே, ஓயாமல் அலை அறைகிற இடத்தில் நட்டால் பிடுங்கிக்கொண்டு போய்விடும். அப்புறம், படிவதற்கு வண்டல் வர வேண்டும். மேலே ஆற்றில் அணைகள் அதை நிறுத்திவிட்டால் எவ்வளவு அடர்ந்த காடும் எதைப் பிடித்து வைக்கும்? நடுவதற்கு முன்னால் அந்தக் கரைக்கு மண் எங்கிருந்து வருகிறது, இப்போதும் வருகிறதா என்று பாருங்கள்.